செஸ் மென்பொருள்: பெட்டியில் அச்சிட்ட பட்டமும் போட்டிக் கணக்கும்

செஸ் மென்பொருள் விற்ற நிறுவனங்களின் விளம்பரத்தில் "உலக சாம்பியன்" என்ற வரி இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். ஃபிரிட்ஸ், ஷ்ரெடர், ஜூனியர், கொமோடோ என்று எதை எடுத்தாலும், ஏதோ ஓர் ஆண்டில் ஏதோ ஒரு நகரத்தில் வாங்கிய கோப்பை ஒன்று இருக்கும். அவை பொய்யான பட்டங்கள் அல்ல. எந்தப் போட்டியில், எத்தனை ஆட்டத்தில், எந்தக் கணினியில் வாங்கியவை என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கொமோடோவையே எடுத்துக்கொள்வோம். 2016 முதல் 2019 வரை தொடர்ந்து நான்கு முறை உலகக் கணினி செஸ் சாம்பியன் பட்டம் அதற்குத்தான். அதே ஆண்டுகளில் இணையத்தில் நடக்கும் டிசிஇசி போட்டியின் முடிவுகள் வேறு மாதிரி. 2016-இல் ஸ்டாக்ஃபிஷ் வென்றது. 2017-இல் இறுதிச்சுற்றில் கொமோடோவைத் தோற்கடித்து ஹௌடினி வென்றது. 2018-இல் மறுபடி ஸ்டாக்ஃபிஷ். 2019-இல் 15-ஆம் பருவத்தை லீலா செஸ் ஜீரோ எடுத்துக்கொண்டது. நான்கு ஆண்டு உலக சாம்பியனுக்கு அந்த ஆண்டுகளில் அங்கே ஒரு பருவக் கோப்பைகூட இல்லை. இரண்டு போட்டிகளும் அளப்பது ஒரே பொருளை அல்ல, வித்தியாசம் அங்கேதான்.

பழைய போட்டியிலிருந்து தொடங்கலாம். உலகக் கணினி செஸ் சாம்பியன்ஷிப் 1974-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கியது. முதல் பட்டம் சோவியத் நிரலான கைஸ்ஸாவுக்கு. பிற்காலத்தில் இதை நடத்தியது ஐசிஜிஏ என்ற சங்கம். ஒவ்வோர் அணியும் தன் கணினியைத் தானே கொண்டுவந்தது, அல்லது தொலைவில் இருக்கும் கணினியோடு இணைத்துக்கொண்டது. ஓப்பனிங் புத்தகமும், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளின் பட்டியலும், அவரவர் சொந்தம். பலகையில் காயை நகர்த்தியது அணியின் ஆள். சுற்றுகள் மிகக் குறைவு. 1995-இல் ஹாங்காங்கில் நடந்ததற்கு ஐந்தே சுற்று. அதில் சாதாரண பென்டியம் கணினியில் ஓடிய ஃபிரிட்ஸ், ஐபிஎம்மின் டீப் புளூ முன்மாதிரியைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கியது. கொண்டாட வேண்டிய வெற்றிதான். ஆனால் ஐந்து ஆட்டத்தை வைத்து எது வலிமையான நிரல் என்று முடிவு கட்ட எந்தக் கணக்கும் இடம் கொடுக்காது.

வன்பொருள் விஷயம் இன்னும் மோசம். 2015-இல் லைடன் நகரில் வென்ற ஜானி, 2400 கோர்கள் (செயலிக்குள் கணக்குப் போடும் அலகுகள்) கொண்ட கணினித் தொகுப்பில் ஓடியது. அந்த நிரலை உங்கள் வீட்டு நான்கு கோர் மடிக்கணினியில் போட்டால் கிடைப்பது அந்தச் சாம்பியன் அல்ல. 2009-இல் பாம்ப்லோனாவில் மட்டும் எட்டு கோருக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். பிறகு, எல்லோருக்கும் ஒரே கணினி என்ற விதியோடு மென்பொருளுக்கென்று தனிப் பட்டம் ஒன்றையும் சேர்த்தார்கள். எந்தப் பட்டம் என்பதை விளம்பரத்தில் கவனித்துப் படிக்க வேண்டும்.

மனிதக் கை நடுவில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2003 கிராட்ஸ் போட்டி சாட்சி. ஜானிக்கு எதிராக வெற்றி நிலையில் இருந்த ஷ்ரெடர், ஒரு நிரல் பிழையால் அதே நிலையைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தது. மூன்றாம் முறை வந்துவிட்டது என்று ஜானி திரையில் காட்டியும், அதன் ஆள் டிரா கேட்கவில்லை, ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஷ்ரெடர் அந்த ஆட்டத்தை வென்றது. கடைசியில் புள்ளியில் ஃபிரிட்ஸோடு சமமாகி, கூடுதல் ஆட்டங்களில் பட்டமும் வாங்கியது. அந்த அரைப் புள்ளி மாறியிருந்தால் அந்த ஆண்டு பெட்டியில் வேறு பெயர் அச்சாகியிருக்கும்.

ரிப்கா கதை வேறு வகை. 2007 முதல் 2010 வரை நான்கு பட்டம் வாங்கியது. கிராஃப்டி, ஃப்ரூட் என்ற இரண்டு நிரல்களிலிருந்து எடுத்தது என்று 2011-இல் தீர்ப்பளித்த ஐசிஜிஏ, நான்கையும் பறித்தது. அதன் ஆசிரியர் வாசிக் ராஜ்லிக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்க, வாங்கியவர்களுக்கு ஒன்று மட்டும் மாறவில்லை: அந்தக் காலத்தில் தரவரிசைப் பட்டியல்களிலும் ரிப்காதான் முதலிடம். பட்டம் போனாலும் வலிமை போகவில்லை.

இனி டிசிஇசி. மார்ட்டின் தோரசன் 2010-இல் தொடங்கியது. போட்டிக் கணினி ஒன்றே. இன்ஜின்கள், அதாவது நகர்வை யோசிக்கும் நிரல்கள்தான் மாறிமாறி ஏறும். காய் நகர்த்த மனிதர் யாரும் இல்லை, எல்லாம் தானாக நடக்கும். சொந்த ஓப்பனிங் புத்தகத்துக்கு இடமில்லை. பல பிரிவுகளில் ஏறி வந்த இரண்டு இன்ஜின்கள் இறுதியில் 100 ஆட்டம் மோதும்: 50 ஓப்பனிங், ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் ஒரு முறை வெள்ளையில், ஒரு முறை கறுப்பில். அந்த ஓப்பனிங்குகளைப் பல பருவங்களில் தேர்ந்தெடுத்தவர் ஜெரோன் நோமன். ஒரு காலத்தில் ரிப்காவுக்குப் புத்தகம் எழுதியவரும் இவர்தான். எந்த வரிசை இன்ஜின்களைத் தூங்கவைக்கும், எது சண்டைக்கு இழுக்கும் என்று தெரிந்த ஆள்.

இந்த ஓப்பனிங் தேர்வு அலங்காரம் அல்ல, அளவையின் உயிரே அதுதான். இன்றைய இன்ஜின்களைத் தொடக்க நிலையிலிருந்து விளையாடவிட்டால், பலவீனமானதுகூடத் தோற்காமல் தப்பிவிடும்; ஆட்டத்துக்கு ஆட்டம் டிரா. அதனால் ஒரு பக்கத்துக்கு வேண்டுமென்றே சாய்ந்த நிலையைக் கொடுக்கிறார்கள். வெள்ளை வெல்லுமா, கறுப்பு பிடித்து நிற்குமா என்று தராசு முள் நடுவில் ஆடுகிற நிலை. வலிமையான இன்ஜின் வெள்ளையில் வெல்லும், அதே நிலையைக் கறுப்பில் டிரா செய்யும். இரண்டு இன்ஜினும் வெள்ளையில் வென்றால் அந்த ஜோடி 1-1, யாருக்கும் லாபமில்லை. ஆகவே தனி ஆட்டத்தை எண்ணாமல் ஜோடியை எண்ண வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் 12 வெளியானபோது, ஸ்டாக்ஃபிஷ் 11-க்கு எதிராக அது இழக்கும் ஜோடிகளைப்போல் பத்து மடங்கு ஜோடிகளை வெல்கிறது என்று அணி அறிவித்தது இந்தக் கணக்கில்தான். தொடக்க நிலையிலிருந்து விளையாடி "20 ஆட்டமும் டிரா, இரண்டும் சமம்" என்று யாராவது எழுதினால், அதில் தகவல் எதுவும் இல்லை.

நூறு ஆட்டமாவது போதுமா என்றால், பல நேரம் போதாது. டிசிஇசி 14-ஆம் பருவ இறுதியில் ஸ்டாக்ஃபிஷ் 50.5, லீலா 49.5. பத்து வெற்றி, ஒன்பது தோல்வி, மீதி 81 டிரா. இதை ஈலோவாக (ஆட்ட வலிமையை அளக்கும் புள்ளி) மாற்றினால் வித்தியாசம் சுமார் 3.5. ஆனால் நூறு ஆட்டத்தில், அந்த டிரா விகிதத்தில், பிழை வரம்பு ஏறக்குறைய 30 ஈலோ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அதாவது அந்த முடிவு சாம்பியனைச் சொல்கிறது, வலிமையைச் சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் லீலா 53.5-46.5 என்று வென்றது: 14 வெற்றி, 7 தோல்வி, 79 டிரா. வித்தியாசம் 24 ஈலோ. லீலாதான் வலிமையானது என்பதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 94 சதவீதம். நல்ல ஆதாரம், ஆனால் முடிந்த முடிவல்ல. 11-ஆம் பருவத்தில் ஸ்டாக்ஃபிஷ் ஹௌடினியை 59-41 என்று, 20 வெற்றிக்கு 2 தோல்வி மட்டும் கொடுத்து வீழ்த்தியது. அங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லை. வித்தியாசம் 63 ஈலோ. வெற்றி எண்ணிக்கையிலிருந்து தோல்வி எண்ணிக்கையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 2-க்குக் கீழே இருந்தால் கைதட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். 14-ஆம் பருவத்துக்கு விடை 0.23, 15-ஆம் பருவத்துக்கு 1.53, 11-ஆம் பருவத்துக்கு 3.84. டிராக்கள் இந்தக் கணக்கில் வரவே வராது என்பதையும் கவனியுங்கள்.

ஸ்டாக்ஃபிஷ் அணியே தன் நிரலில் ஒரு வரியை மாற்ற, ஃபிஷ்டெஸ்ட் என்ற தன்னார்வலர் கணினி வலையில் பல்லாயிரக்கணக்கான ஆட்டங்களை ஓட்டுகிறது. முதலில் ஒரு பக்கத்துக்கு 10 விநாடியும் நகர்வுக்கு 0.1 விநாடியும் கொடுத்து ஒரு சுற்று. தேறினால் 60 விநாடியும் 0.6 விநாடியுமாக இன்னொரு சுற்று. இரண்டு மூன்று ஈலோவைப் பிடிக்க அவ்வளவு ஆட்டம் வேண்டியிருக்கிறது. நிறுவனங்கள் "முந்தைய பதிப்பைவிட இத்தனை ஈலோ அதிகம்" என்று சொல்லும்போது, அந்த எண் பெரும்பாலும் தன் பழைய பதிப்போடு மோதவிட்டு எடுத்தது. ஒரே குடும்பத்துக்குள் மோதினால் வித்தியாசம் ஊதிப்போய்த் தெரியும். மற்ற இன்ஜின்களுக்கு எதிராக அதே அளவு ஏற்றம் கிடைக்காது. பல இன்ஜின்களோடு கலந்து ஆடவைக்கும் சிசிஆர்எல், சிஇஜிடி போன்ற பட்டியல்களை நம்பலாம். அங்கேயும் ஒரு எச்சரிக்கை: ஒரு பட்டியலின் 3500-ஐ இன்னொரு பட்டியலின் 3500-ஓடு ஒப்பிடக் கூடாது. மனிதர்களுக்கு உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங்கோடு ஒப்பிடவே கூடாது. ஒரே பட்டியலுக்குள் இரண்டு பெயருக்கு இடையே உள்ள தூரம் மட்டும்தான் பொருளுள்ளது.

லீலாவை ஒப்பிடுவதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அது கிராபிக்ஸ் கார்டில் ஓடும் நரம்பு வலை இன்ஜின்; ஸ்டாக்ஃபிஷ் சாதாரணச் செயலியில் ஓடுவது. ஸ்டாக்ஃபிஷ் விநாடிக்குக் கோடிக்கணக்கான நிலைகளைப் பார்க்கும், லீலா ஆயிரக்கணக்கில். இந்த எண்களை அருகருகே வைத்து "இது வேகம்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. எவ்வளவு விலையுள்ள கார்டுக்கு எத்தனை கோர் சமம் என்பதற்கு நியாயமான விடையும் கிடையாது. போட்டி நடத்துபவர் எந்தக் கணினியை வாங்கினாரோ, அதுவே முடிவில் ஒரு பங்கைத் தீர்மானிக்கிறது. 2020 தொடக்கத்தில் லீலா 17-ஆம் பருவத்தையும் 52.5-47.5 என்று வென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் என்என்யூஇ ஸ்டாக்ஃபிஷில் சேர்ந்தது. ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்க நிரல்களுக்காக யூ நாசு 2018-இல் கண்டுபிடித்த சிறிய நரம்பு வலை அது. கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. ஒரு காய் நகர்ந்தால் வலையின் முதல் அடுக்கில் மாறிய பகுதியை மட்டும் திருத்திக்கொள்ளும் என்பதால் வேகம் அதிகம் குறையாது. என்என்யூஇ சேர்வதற்கு முன்பே 18-ஆம் பருவத்தில் கோப்பையை மீட்ட ஸ்டாக்ஃபிஷ், அதன் பிறகு பல பருவங்கள் அதை விடவே இல்லை.

இந்த அளவுகோலோடு கடைப் பொருட்களைப் பார்க்கலாம்.

ஃபிரிட்ஸ் என்பது இன்ஜின் பெயர் அல்ல, வணிகப் பெயர் என்று எடுத்துக்கொள்வது நல்லது. 2006-இல் பான் நகரில் உலக சாம்பியன் கிராம்னிக்கை 4-2 என்று வென்ற காலம்வரை உள்ளே இருந்தது ஃபிரான்ஸ் மோர்ஷின் இன்ஜின். ஃபிரிட்ஸ் 15, 16-இல் ராஜ்லிக்கின் ரிப்கா. 17-இலிருந்து ஃபிராங்க் ஷ்னைடரின் கிங்கோ. பழைய கோப்பைக்கும் புதிய பெட்டிக்கும் தொடர்பு பெயரில் மட்டும்தான். இலவச ஸ்டாக்ஃபிஷோடு மோதவிட்டால் இந்த இன்ஜின் தோற்கும். ஆனால் காசு கொடுப்பது இன்ஜினுக்கு அல்ல: முகப்பு, ஆட்டத் தரவு, பயிற்சி வசதி, மட்டம் குறைத்து ஆடும் முறை ஆகியவற்றுக்கு. அந்த முகப்புக்குள் ஸ்டாக்ஃபிஷையே இணைத்து ஓட்டலாம் என்பதால் வலிமை ஒரு குறையாக இருக்காது.

ஃபிரிட்ஸை விற்கும் செஸ்பேஸ் நிறுவனம் 2021-இல் விற்ற ஃபேட் ஃபிரிட்ஸ் 2 வேறு விவகாரம். அது ஸ்டாக்ஃபிஷின் நிரல், வேறு வலையோடு. நிரலை மாற்றித் தருபவர் மூல நிரலையும் தர வேண்டும் என்கிற ஜிபிஎல் உரிமத்தின் கடமைகளை நிறைவேற்றவில்லை என்று ஸ்டாக்ஃபிஷ் அணி மியூனிக்கில் வழக்குப் போட்டது. 2022 நவம்பரில் சமரசமானது. ஸ்டாக்ஃபிஷ் நிரல் உள்ள பொருட்களை ஓராண்டு விற்பதில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஹௌடினி 6 மீதும் அணி இதே குற்றச்சாட்டை வைத்திருந்தது. பழைய வட்டு கையில் வந்தாலும் இந்த இரண்டுக்கும் காசு கொடுக்கக் காரணம் இல்லை.

ஷ்ரெடர், ஸ்டீஃபன் மேயர்-காலனின் நிரல். ரூடால்ஃப் ஹூபரோடு சேர்ந்து இன்ஜினும் முகப்பும் பேசிக்கொள்ளும் யூசிஐ நெறிமுறையை 2000-இல் வகுத்தவரும் அவரே. இன்று எந்த இன்ஜினையும் எந்த முகப்பிலும் ஏற்ற முடிவது அதனால்தான். பட்டியல்களில் ஷ்ரெடர் உச்சியிலிருந்து சில நூறு ஈலோ கீழே நிற்கிறது. மனிதனுக்கு ஏற்ற மட்டத்தில் தடுமாற்றம் இல்லாமல் இறங்கி ஆடுவது அதன் பலம்.

கொமோடோ டிராகன்தான் காசு கொடுத்து வாங்கும் இன்ஜின்களில் உண்மையான போட்டி வலிமை உள்ளது. நிறுவனத்தை 2018-இல் செஸ்.காம் வாங்கியது, 2020-இல் என்என்யூஇ சேர்ந்து டிராகன் ஆனது, டிசிஇசி 22-ஆம் பருவ இறுதிவரை போனது. ஆய்வுக்கு இரண்டாவது கருத்து கேட்க நல்ல இன்ஜின். முதல் கருத்துக்கு ஸ்டாக்ஃபிஷ் போதும். அதே செஸ்.காமின் டார்ச் அவர்களுடைய சொந்தப் போட்டிகளில் நன்றாக ஆடுகிறது. ஆனால் கடையில் விற்கும் பொருள் அல்லாததால் வாங்குவோருக்கு அந்த முடிவுகளால் பயன் இல்லை.

விளம்பரத்தை நம்பாமல் சொந்தமாகச் சோதிக்க நினைப்பவர்களுக்கு கட்செஸ், ஃபாஸ்ட்செஸ் என்று இரண்டு இலவசக் கருவிகள் உண்டு. எட்டு கோர் கணினி என்றால், ஓர் இன்ஜினுக்கு ஒரு த்ரெட் (ஒரு கணக்கிடும் இழை) கொடுத்து, ஒரே நேரத்தில் ஆறு ஆட்டம் ஓட்டுங்கள். இரண்டு கோரை இயங்குதளத்துக்கு விடுங்கள். செயலி 16 த்ரெட் காட்டினாலும் எண்ண வேண்டியது உண்மையான கோரைத்தான். எதிராளி யோசிக்கும்போது யோசிக்கும் பாண்டரை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் இரண்டு இன்ஜினும் ஒரே கோருக்கு அடித்துக்கொள்ளும். 10 விநாடி ஆட்டத்துக்கு 64 எம்பி ஹாஷ், அதாவது பார்த்த நிலைகளை இன்ஜின் குறித்துவைக்கும் நினைவகம், தாராளம். மொத்த நினைவகத்தைக் கணக்கிடும்போது ஹாஷை இரண்டு இன்ஜினாலும், ஒரே நேரத்தில் ஓடும் ஆட்ட எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். ஒரு ஆட்டம் 35 விநாடி போல ஆகும். மணிக்கு 600 ஆட்டம் கிடைக்கும். 2000 ஆட்டத்தில், டிரா 60 சதவீதம் என்றால், பிழை வரம்பு சுமார் 10 ஈலோவுக்குச் சுருங்கும். அதைப் பாதியாக்க 8000 ஆட்டம் வேண்டும். ஓப்பனிங்குக்கு ஸ்டீஃபன் போலின் யூஎச்ஓ என்ற, ஒரு பக்கம் சாய்ந்த நிலைகளின் தொகுப்பைப் போட்டு, ஒவ்வொரு நிலையையும் நிறம் மாற்றி இரண்டு முறை ஆடும் அமைப்பைத் தேர்வு செய்யுங்கள்.

முடிவு தாறுமாறாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினின் கோப்பு வகை. ஸ்டாக்ஃபிஷை ஒவ்வொரு செயலி வகைக்கும் தனித்தனியாகத் தொகுத்துத் தருகிறார்கள். ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள செயலியில் பழைய வகைக் கோப்பைப் போட்டால் வேகம் பெரிதாக இறங்கும். ஏஎம்டியின் ஜென் 1, ஜென் 2 செயலிகளில் பிஎம்ஐ2 என்ற இன்னொரு கட்டளைத் தொகுப்புக்கான கோப்பு மெதுவாக ஓடும். அங்கே ஏவிஎக்ஸ்2 கோப்புதான் சரி. ஜென் 3-இலிருந்து அந்தச் சிக்கல் இல்லை. உள்ளேயே இருக்கும் பெஞ்ச் கட்டளையை இரண்டு கோப்பிலும் ஓட்டி, விநாடிக்கு எத்தனை நிலை என்று ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மடிக்கணினி என்றால் அரை மணி நேரம் கழித்து மறுபடி அதே கட்டளையை ஓட்டுங்கள். சூட்டில் வேகம் இறங்கியிருந்தால், ஒரு பகுதி ஆட்டம் ஒரு வேகத்திலும் மீதி இன்னொரு வேகத்திலும் நடந்திருக்கும். லீலாவுக்குக் கார்டுக்குப் பொருந்தாத பின்புல மென்பொருளைத் தேர்ந்தெடுத்தால் அது செயலியிலேயே ஓடி, ஆமை வேகத்தில் நேரம் போய்த் தோற்கும்.

ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தித் தீர்ப்புச் சொல்லும் விதியிலும் கை வைக்குமுன் யோசியுங்கள். ஸ்டாக்ஃபிஷ் 15.1-இலிருந்து, ஒரு நிலைக்கு அது தரும் மதிப்பீடு +1.00 என்றால் வெற்றி வாய்ப்பு 50 சதவீதம் என்று அளவை மாற்றியிருக்கிறார்கள். மற்ற இன்ஜினின் +1.00 வேறு பொருள் தரலாம். அதனால் ஒரே இன்ஜின் சொல்வதை வைத்து வெற்றி கொடுக்காமல், இரண்டும் பல நகர்வுகள் தொடர்ந்து ஒத்துக்கொண்டால் மட்டும் கொடுக்கும்படி அமையுங்கள். ஐந்து காய்வரை உள்ள நிலைகளுக்கு விடையை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த சிஸிஜி (Syzygy) இறுதியாட்டத் தரவு ஏறக்குறைய 1 ஜிபிதான், அதைக் கட்டாயம் போடலாம். ஆறு காய்க்கு 150 ஜிபி வேண்டும், அதுவும் எஸ்எஸ்டியில்.

எல்லாம் முடிந்ததும் புள்ளியைப் பார்ப்பதற்கு முன் ஆட்டக் கோப்பைத் திறந்து, நேரம் முடிந்து தோற்றவை, தொடர்பு அறுந்தவை, விதிமீறிய நகர்வு செய்தவை எத்தனை என்று தேடுங்கள். நூற்றுக்கு ஒன்று இருந்தாலே பத்து ஈலோ பிழை வரம்பை நம்ப முடியாது. நேரத் தோல்வி என்றால் மூவ் ஓவர்ஹெட் (தாமதத்துக்காக ஒவ்வொரு நகர்விலும் ஒதுக்கிவைக்கும் நேரம்) என்ற அமைப்பைப் பாருங்கள்; ஸ்டாக்ஃபிஷில் அதன் இயல்பு மதிப்பு 10 மில்லிவிநாடி. அதை 50 அல்லது 100 ஆக்கி, மெதுவான கணினியில் கூடவே ஓடும் ஆட்ட எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, முதலிலிருந்து ஓட்டுங்கள்.